ஒரே பாடம், இரண்டு பேர்: பியானோ சொல்லிக்கொடுத்த 12 வாரம்

12 வாரமாக இரண்டு பேருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருத்தி அக்கா மகள், 7 வயது. இன்னொருவர் பணி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு சார், 61 வயது. இதற்கு முன் இருவருமே ஒரு கட்டையைக்கூட அழுத்தியதில்லை. ஆரம்பப் பாடம்தானே, இருவருக்கும் ஒன்றே போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

முதல் நாள் பாடம் ‘ஸி’ (C) என்ற ஸ்வரத்தைத் தேடுவது. கருப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு சேர்ந்திருக்கும் இடத்தில், அந்த ஜோடிக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டைதான் ஸி. குழந்தை இடமிருந்து வலமாக நகர்ந்து நகர்ந்து ஏழு கண்டுபிடித்தாள். அப்புறம் வலது ஓரத்துக் கடைசிக் கட்டையை அழுத்திவிட்டு, “சித்தி, இதுவும் அதே மாதிரி கேக்குது. ஆனா பக்கத்துல கருப்பே இல்லையே?” என்றாள். 88 கட்டைப் பியானோ அந்த ஸியோடு முடிந்துவிடுகிறது, அதனால்தான் அதற்குக் கருப்பு ஜோடி இல்லை. எட்டாவது ஸியை அவள் காதால் பிடித்துவிட்டாள்.

சார் வேறு மாதிரி. வெள்ளை 52, கருப்பு 36 என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் ஸ்டாஃப் கோடுகளின், அதாவது ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளின், பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் வாசிக்கும்போது புத்தகத்தைப் பார்ப்பார், கட்டையைப் பார்ப்பார், மறுபடி புத்தகம்; அதற்குள் தாளம் போய்விடும். “எல்லாம் தெரியுதும்மா, விரல்தான் கேக்க மாட்டேங்குது” என்பார்.

சரி என்று சாருக்கு இரண்டு வாரம் புத்தகத்தை மூடிவிட்டேன். ஸி முதல் ஜி வரை ஐந்தே கட்டை. முதலில் பாட வேண்டும், பிறகுதான் வாசிக்க வேண்டும். பாடக் கூச்சப்பட்டார், நானும் கூடச் சேர்ந்து பாடியபின் வந்துவிட்டது. குழந்தைக்கு நேர்மாறான சிக்கல். நன்றாகப் படித்து வாசிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாட்டின் நடுவில் ஒரு இடத்தைக் காட்டி, இங்கிருந்து வாசி என்றதும் முழித்தாள். மெட்டு காதில் ஏறியிருக்கிறது, நோட்டேஷனை, அதாவது எழுதியிருக்கும் ஸ்வரக் குறிப்பை, கண் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் அவள் கேட்டிராத இரண்டு பார் (கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) எழுதிக் கொடுக்கிறேன்.

உட்காரும் விதத்துக்கு நான் நினைத்ததைவிட அதிக நேரம் போனது, போனதும் நல்லதுதான். குழந்தைக்குக் கால் தொங்கினால் உடம்பே ஆடுகிறது. காலுக்கு ஒரு சின்ன மணை, உட்காரும் இடத்தில் இரண்டு மெத்தை. முன்கை கட்டையின் மட்டத்துக்கு வந்தது. விரல் நுனி மூட்டு உள்பக்கம் மடங்குவதுதான் தொல்லை. “விரலை வளை” என்று எத்தனை முறை சொன்னாலும் பலனில்லை. கையைத் தன் முழங்கால் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அந்த வடிவம் கலையாமல் அப்படியே தூக்கிக் கட்டை மேல் வைக்கச் சொன்னேன். உடனே சரியாகிவிட்டது.

சாருக்கு இடது கை சேரும் நொடியில் தோள் ஏறும். கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மூச்சையே அடக்கிக்கொள்கிறார். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணச் சொன்னேன். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாதே! தோள் தானாக இறங்கியது. 12 வாரத்தில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இருவருக்கும் பொதுவாக இருந்த கோளாறு ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பார் முடிவிலும் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். ஒரு பாரை மட்டும் பத்து முறை வாசிக்கச் சொன்னது என் தவறு. அப்படிச் செய்தால் கோடு வந்ததும் நிற்பதுதான் பழகிப்போகிறது. இப்போது ஒரு பார், கூடவே அடுத்த பாரின் முதல் ஸ்வரம். அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, மூன்று முறை தடுமாறாமல் வந்தால்தான் அடுத்ததற்குப் போகிறோம்.

பயிற்சி நேரம் தினமும் பத்து நிமிடம். விடுமுறை நாளில் மொத்தமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், ஒட்டவில்லை.

இந்த வாரம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். எட்டு பார், வலது கைப் பகுதி அவளுக்கு, இடது கைப் பகுதி சாருக்கு. மூன்றாவது பாரில் சார் பின்தங்கினார். அவள் கையை எடுக்காமலே, “தாத்தா, எண்ணுங்க” என்றாள். அவர் எண்ண ஆரம்பித்தார், இருவரும் ஒன்றாகக் கடைசி ஸியில் வந்து இறங்கினார்கள். அடுத்த வாரம் பகுதியை மாற்றிக் கொடுக்கப் போகிறேன்.