'சொல்ல மாட்டேன்' என்று சொன்னேன்

விளையாட்டுப் பயிற்சி மையம் ஒன்றில் வீரர் நலப் பொறுப்பாளராக நான் சேர்ந்த முதல் ஆண்டு அது. ஓட்டப் பிரிவில் இருந்த சிறுமி ஒருத்தி, மாலைப் பயிற்சியிலிருந்து காலைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டு வந்தாள். பாடம் அதிகமாகிவிட்டதாம். படிவத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். நிமிராமலே, "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே மேடம்?" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

பயிற்சியாளர் இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறார். படித்ததும் அழித்துவிடச் சொல்கிறார். எல்லாரும் போன பிறகும் இருக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் சொன்னாள். அரை மணி நேரத்துக்குள் நான் என் வாக்கை மீற வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய செய்தியை எனக்குள் பூட்டிவைக்க எனக்கு உரிமை கிடையாது. மீறியதற்கு வருந்தவில்லை, வாக்குக் கொடுத்ததற்குத்தான் இன்றும் வருந்துகிறேன். பெரியவர் ஒருவர் ரகசியம் காக்கச் சொல்கிறார் என்று முறையிட வந்த பிள்ளையை, இன்னொரு பெரியவராகிய நானும் ஏமாற்றிவிட்டேன். அதன்பின் அவள் என்னிடம் பேசவே இல்லை.

இப்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்தால், "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்" என்கிறேன். இதைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் சிலர் திரும்பி வந்தார்கள்.

கேட்பதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 'தொட்டாரா?' என்று நாமாக வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'பிறகு?' என்று மட்டும் கேட்டால் போதும். பிள்ளை சொன்னதை அதே சொற்களில், தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதி, கையெழுத்திட்டு வைக்க வேண்டும். விசாரணை என் வேலை அல்ல. காவல்துறையும் குழந்தைகள் நலத்துறையும் அதற்கென்று இருக்கின்றன.

அன்று இது எனக்கும் தெரியாது, எங்கள் செயலாளருக்கும் தெரியாது. நான் போய்ச் சொன்னதும் அவர் என் முன்னாலேயே போனை எடுத்து அந்தப் பயிற்சியாளரிடம், "என்ன சார் இது?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த ஒரு அழைப்பு போதும், சாட்சியம் அழியவும் யார் புகார் சொன்னது என்பது வெளியே தெரியவும். அடுத்த வாரம் ஒட்டிய தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஓடிய நேரம் போதவில்லை என்றார்கள். நேரத்தைக் குறித்தவர் யார்? அதே பயிற்சியாளர்.

விளையாட்டில் புகார் வராமல் போவதற்கு வெட்கத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பயிற்சி தருபவர், அணிக்குத் தேர்ந்தெடுப்பவர், வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போகிறவர், பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் எல்லாம் ஒரே ஆள். அவரைப் பற்றி வாய் திறந்தால் பல வருட உழைப்பு போய்விடும். புகார்ப் பெட்டி எத்தனை வைத்தாலும் இது மாறாது. அந்த அதிகாரத்தைப் பிரிக்க வேண்டும். எங்கள் மையத்தில் தேர்வை மூன்று பேர் குழுவிடம் மாற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டுமே பயிற்சியாளர் செய்தி அனுப்பலாம் என்ற விதி அதைவிடச் சுலபமாக வந்தது.

தாமதத்தின் விலை என்னவென்று உலகமே பார்த்திருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசரைப் பற்றிய பாலியல் புகார் 2015 ஜூலையில் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் போனது. அவர் வேலைபார்த்த பல்கலைக்கழகம் அவரை நீக்கியது 2016 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் சுமார் 70 பேரோ அதற்கு மேலுமோ பாதிக்கப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் கூறுவதை, அமெரிக்க நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் 2021 அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. புகார் கொடுத்தும் நடந்தது இது.

பாலியல் தொல்லை மட்டும்தான் துன்புறுத்தல் என்று நினைப்பவர்களிடம், பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் விசாரித்து 2022இல் வெளிவந்த வைட் அறிக்கையைப் பற்றிப் பேசுவேன். உணவும் தண்ணீரும் தர மறுத்தது, எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது, காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. 'கண்டிப்பு' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவற்றில் எத்தனை இந்த வகை!

பொய்ப் புகாராக இருந்தால் என்று பயிற்சியாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. விசாரணை முடியும்வரை பிள்ளைகளிடமிருந்து விலக்கிவைப்பது தண்டனை அல்ல, தீர்ப்பும் அல்ல என்று அவர்களிடம் எழுத்தில் கொடுக்கிறோம். விசாரணை வெளி ஆட்களிடம் போவது அவர்களுக்கும் பாதுகாப்புதான்.

அந்தப் பயிற்சியாளர் சில மாதங்களில் தானாகவே ராஜினாமா செய்தார். நிர்வாகம் நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பியது. எங்கே சேர்ந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அதனால் இப்போது புதிதாக யாரை வேலைக்கு எடுத்தாலும், சான்றிதழோடு விடாமல் பழைய இடத்துக்கு நானே போன் செய்கிறேன். "இவரை மறுபடியும் பிள்ளைகளோடு வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் உடனே பதில் வரும். ஒருமுறை மட்டும் மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "நேரில் வர முடியுமா மேடம்?" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.