சிமுலேட்டருக்குச் சின்ன விமானம் வாங்குமுன்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 என்ற விமானமோட்டும் விளையாட்டுக்குச் சிறு விமானம் தேடுபவர்கள் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். முதலில் உங்கள் மேஜையைப் பாருங்கள். த்ராட்டில் (எஞ்சின் பவர்), ப்ராப் (ப்ரொப்பெல்லர் வேகம்), மிக்ஸ்ச்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) என்று மூன்று லீவர் இருக்கிறதா? ஒரே ஸ்லைடர் உள்ள ஜாய்ஸ்டிக் என்றால் ப்ராப்பையும் மிக்ஸ்ச்சரையும் பட்டன்களுக்கு ஒதுக்கவேண்டி வரும். தரையிறங்கும் நேரத்தில் கை போதாது.

ஏ2ஏ நிறுவனம் சிமுலேட்டருக்காகச் செய்த கோமான்சி 250 விமானத்தை எடுத்தால் தேய்மானம் அடுத்த பறப்புக்கும் தொடரும். மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் போனால் பேட்டரி இறங்கிவிடும். மிக்ஸ்ச்சரை முழுக்க ரிச்சில் (எரிபொருள் மிகுந்த நிலையில்) விட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வெகுநேரம் நின்றால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், பறக்குமுன் எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பில் அது உதறும். கார்புரேட்டர் எஞ்சின், ஈரக்காற்றில் பவர் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டரில் பனி கட்டாமலிருக்கக் கார்ப் ஹீட் (சூடான காற்று) வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் சிமுலேட்டரோடு கூடவே வரும் செஸ்னா 152 போதும், சத்தியமாக.

ஜிப்பாக வரும் விமானம் பட்டியலில் தெரியவில்லையா? பெரும்பாலும் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரித்திருப்பீர்கள். மேனிஃபெஸ்ட், லேஅவுட் ஆகிய ஜேசன் கோப்புகள் (manifest.json, layout.json) இருக்கும் ஃபோல்டரே சிமுலேட்டரின் கம்யூனிட்டி (Community) ஃபோல்டருக்குள் நேராக இருக்கவேண்டும். பிறகு சிமுலேட்டரை மூடித் திறக்கவும்.