ஏற்காடு சரிவில் வெட்டிவேர் வரிசை: மட்டம், இடைவெளி, பராமரிப்பு

சேர்வராயன் மலையில் மண் சரிந்தால் பலரும் முதலில் சிமெண்ட் சுவரைத்தான் நினைக்கிறார்கள். பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வழி விடாத சுவரை அந்தத் தண்ணீரின் அழுத்தமே தள்ளிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் குறைந்த நேரத்தில் பெருமழையாகக் கொட்டும்போது, அதைச் சரிவிலேயே தடுத்து மண்ணுக்குள் இறக்குவதுதான் வேலை. வெட்டிவேர்ப் புல் அதைச் செய்யும், வரிசை மட்டமாக இருந்தால்.

மட்டம் பார்க்க, ஆங்கில A எழுத்து வடிவில் கட்டிய ஏ சட்டம் போதும். ஏழடி மூங்கில் இரண்டு, நாலடி குறுக்குக் கழி ஒன்று, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். சட்டத்தை நிறுத்தி, கயிறு கழியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி, அதே புள்ளிகளில் நிறுத்தி, இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே கயிறு நின்றால் மட்டம். அப்படிக் கால் நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்து வரிசையைக் குறியுங்கள். காற்றில் கயிறு ஆடும். அதனால் காலையிலேயே குறித்துவிடுவது நல்லது. பாறை வந்த இடத்தில் முளைக்குச்சி ஏறி இறங்கியிருக்கும். அதை லேசாக நேர்செய்யலாம், ஆனால் வரிசையில் தாழ்வான இடம் விழவே கூடாது. மழைநீர் முழுவதும் அங்கேதான் கூடி உடைக்கும்.

மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், வரிசைக்கு வரிசை ஆறடி இறக்கம் வைத்தால் கிடைமட்டத்தில் 18 அடி இடைவெளி வரும். தூரைத் தனித்தனிச் சிம்புகளாக (வேரோடு கூடிய கன்றுகளாக) பிரித்து, வேரை இரண்டு அங்குலத்துக்கும் இலையை எட்டு அங்குலத்துக்கும் வெட்டி, இரண்டு மூன்று சிம்புகளை ஒரே குழியில் வையுங்கள். குழிக்குக் குழி ஐந்து அங்குலம். நூறடி வரிசைக்கு 240 குழி, குறைந்தது 480 சிம்பு. போக்கடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மண் நனைந்த ஆனி, ஆடியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்கும். பட்டுப்போன இடத்தை உடனே நிரப்ப வேண்டும். ஒரு முழ இடைவெளி கிடைத்தாலும் நீர் அதைப் பிளந்து ஓடையாக்கிவிடும்.

காப்பிச் செடிக்கு நடுவே அடர்ந்த நிழலில் இதை நடவே வேண்டாம். வெயில் இல்லாமல் மெலிந்துவிடும். பாதையோரம், தோட்டத்து மேல் எல்லை, ஓடை விளிம்பு ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள். நிழலுக்குள் காப்பி வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் குழிகளை மாறி மாறி வெட்டி, சருகும் கவ்வாத்துக் குச்சியும் போடுங்கள். தொடர் வாய்க்காலாக வெட்டாதீர்கள், மண் ஊறி மொத்தமாக வழுக்கும். நிலத்தில் ஏற்கெனவே வெடிப்பு தெரிந்தால் அங்கே குழியே வேண்டாம்.

நிழல் மரத்தைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. வெயில் படும் அரபிகா காப்பிச் செடியின் தண்டில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் முட்டையிடும். சில்வர் ஓக் மட்டும் வைக்காமல் பலா, அத்தி, கல்யாண முருங்கையையும் கலந்து வையுங்கள்.

வாசனை வேருக்கு விலை வருகிறதே என்று சரிவில் தோண்டாதீர்கள். அதற்குத் தனிப் பாத்தி போடுங்கள். தை மாதத்தில் வெட்டிவேர்ப் புல்லை ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டி, வெட்டியதைக் காப்பித் தூரில் மூடாக்காகப் போடுங்கள். வெட்டாமல் விட்டால் பங்குனிக் காய்ச்சலில் காய்ந்த இலை தீயை இழுத்துவரும். தீ பட்டாலும் தூர் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கும், பக்கத்துக் காப்பிச் செடி அப்படி மீளாது.