ஒன்பதரை வருஷ சர்வீஸுக்கு 3,389 திர்ஹம்: என் கிராஜுவிட்டிக் கணக்கு சரியான விதம்

2024 செப்டம்பர் 3-ம் தேதி காலையில் எச்ஆர் மேடம் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஃபைனல் செட்டில்மென்ட். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது சர்வீஸைக் கணக்கிட்டுக் கம்பெனி தரும் பணம்) என்ற வரிக்கு நேராக 3,389 திர்ஹம் என்று இருந்தது.

துபாய் ஜெபல் அலி ஃப்ரீ சோனில் ஒரே கம்பெனியின் குடோனில் ஒன்பதரை வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், ஊரில் கூட இருக்க ஆள் இல்லை என்று ஆகஸ்ட் 12-ல் ராஜினாமா கொடுத்து, முப்பது நாள் நோட்டீஸில் இருந்தேன். ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைக்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

"கையெழுத்துப் போட்டுடுங்க, விசா கேன்சலுக்கு அனுப்பணும்" என்றார் மேடம். மலையாளி, தமிழ் நன்றாகவே பேசுவார். "நாளைக்குத் தர்றேன் மேடம், ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் செய்த உருப்படியான முதல் காரியம் அதுதான். அந்தத் தாளில் 'எனக்குச் சேர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்றும் ஒரு வரி இருந்தது. பணம் கைக்கு வராமல், கணக்கு ஒத்துக்கொள்ளாமல் அதன் கீழே பேனா வைக்கக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி ரூமில் ஆளுக்கொரு பேச்சு. கீழக்கரை பாய் ஒருவர், இருபத்தைந்து வருஷமாக இங்கே இருப்பவர், "நீயா ரிசைன் பண்ணினா முழுசாத் தர மாட்டான்பா, மூணுல ஒரு பங்குதான்" என்றார். இன்னொரு தம்பி, "ஃப்ரீ சோன்ல லேபர் சட்டமே கிடையாது அண்ணே, கம்பெனி குடுக்கிறதுதான்" என்றான். இரண்டையும் கேட்டுப் பாதி ராத்திரி தூக்கம் போனது. இரண்டுமே என் விஷயத்தில் தப்பு.

பாய் சொன்னது ஐக்கிய அரபு அமீரகத்தின் 1980-ம் வருஷத் தொழிலாளர் சட்டம். அதில் அன்லிமிடெட் காண்ட்ராக்ட்டில், அதாவது முடியும் தேதி போடாத காண்ட்ராக்ட்டில் இருப்பவர் தானாக ராஜினாமா செய்தால் ஒன்றிலிருந்து மூன்று வருஷ சர்வீஸுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றிலிருந்து ஐந்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஐந்தைத் தாண்டினால்தான் முழுசு. 2021-ல் வந்த 33-ம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் அமலுக்கு வந்தபோது அந்த வெட்டு போய்விட்டது. ஒரு வருஷம் முடித்திருந்தால் போதும். நாமாக விட்டாலும் அவர்களாக அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான்.

ஃப்ரீ சோன் சமாச்சாரம் இன்னும் பெரிய குழப்பம். மெயின்லேண்ட், அதாவது ஃப்ரீ சோனுக்கு வெளியே வேலை பார்க்கும் ஆட்களுக்கு விசா, காண்ட்ராக்ட், புகார் எல்லாம் தொழிலாளர் அமைச்சகம். நமக்கு அந்த வேலைகளை ஃப்ரீ சோன் நிர்வாகமே பார்க்கிறது. அதனால்தான் சட்டமே வேறு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஜெபல் அலி மாதிரியான சோன்களில் கிராஜுவிட்டிக்கு அதே 2021-ம் வருஷ நாட்டுச் சட்டம்தான், அதன் 51-வது பிரிவு. தனிச் சட்டம் வைத்திருப்பவை துபாயின் டிஐஎஃப்சி, அபுதாபியின் ஏடிஜிஎம் என்ற இரண்டு நிதி மையங்கள். என் அக்கா மகன் டிஐஎஃப்சியில் இருக்கிறான். அங்கே 2020 பிப்ரவரியிலிருந்து கம்பெனி மாசாமாசம் பேசிக்கில் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) 5.83 சதவீதமும், ஐந்து வருஷம் தாண்டியவர்களுக்கு 8.33 சதவீதமும் ஒரு சேமிப்புத் திட்டத்தில் கட்டுகிறது. அவன் கணக்கை எனக்கோ, என் கணக்கை அவனுக்கோ போட்டால் தப்பாகத்தான் வரும்.

மறுநாள் லஞ்ச் நேரத்தில் ஒரு பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கம் நானே கணக்குப் போட்டேன். வேண்டியவை மூன்றே எண்கள்: கடைசி பேசிக், சர்வீஸ் நாட்கள், சம்பளமில்லாத லீவ் நாட்கள். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக்; அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள்; மிச்ச மாசங்களுக்கு அந்த விகிதப்படி. மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

என் சம்பளம் 5,200. அதில் பேசிக் 3,000, வீட்டு வாடகை 1,200, போக்குவரத்து 500, 'மற்றவை' 500. கிராஜுவிட்டிக்கு அந்த 3,000 மட்டும்தான் கணக்கு. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 100. சேரும்போது பேசிக் 2,200தான், ஆனால் கடைசியாக வாங்கிய பேசிக்கைத்தான் எல்லா வருஷத்துக்கும் பார்க்க வேண்டும். இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த 'மற்றவை' 500, 2021-ல் எங்களுக்கு வந்த இன்கிரிமென்ட். சம்பளம் கூடியது என்று அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டோம், எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதையே பேசிக்கில் போட்டிருந்தால் எனக்கு கிராஜுவிட்டியில் மட்டும் இன்னொரு 3,880 திர்ஹம் வந்திருக்கும்.

கம்பெனி தாளில் பேசிக் சரியாகத்தான் இருந்தது. ஜாயினிங் டேட்டைப் பார்த்தேன்: 01-02-2023. எனக்குத் திக்கென்றது. நான் சேர்ந்தது 2015 மார்ச் 12. புதுச் சட்டம் வந்த பிறகு அன்லிமிடெட் காண்ட்ராக்ட்டுகளை எல்லாம் காலவரையறை போட்டு மாற்றச் சொன்னார்கள். நாங்களும் 2023 பிப்ரவரி 1 தேதியிட்ட புதுக் காண்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டோம். கம்பியூட்டரில் அந்தத் தேதியைச் சேர்ந்த தேதியாக ஏற்றியிருக்கிறார்கள். 589 நாளுக்கு வருஷத்துக்கு 21 நாள் என்று போட்டுப் பார்த்தேன். அச்சாக 3,389 வந்தது.

காண்ட்ராக்ட் தாள் மாறினால் சர்வீஸ் அறுந்து போகாது. இடையில் ஒரு நாள்கூட நான் வேலையை விடவில்லை, முன்னால் ஒரு செட்டில்மென்ட்டும் வாங்கவில்லை. பெட்டிக்கு அடியில் இருந்த பிரௌன் ஃபைலை எடுத்தேன். 2015 ஆஃபர் லெட்டர் மடித்த இடத்தில் கிழிந்து, கம்பெனி முத்திரையின் ஊதா நிறம் வெளுத்துப் போயிருந்தது. தேதி மட்டும் தெளிவாக இருந்தது. முதல் விசாப் பக்கம், முதல் மாசச் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், மூன்றையும் நகல் எடுத்து மேடத்துக்கு ஈமெயிலில் அனுப்பினேன். மொத்தத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "ஜாயினிங் டேட் தவறு, ஆதாரம் இணைத்துள்ளேன், திருத்தித் தரவும்." அவ்வளவுதான். 'இவ்வளவு கம்மியா' என்று சண்டைக்குப் போனால் பதிலுக்குப் பேச நூறு விஷயம் கிடைக்கும். ஒரு தேதி தப்பு என்று காட்டினால் அதைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்கு நாள் பதிலே இல்லை. நடுவில் லேபர் ஆபீஸ் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனேன். "நீங்க ஃப்ரீ சோன் விசா, உங்க சோன்லயே கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சோன் அலுவலகத்தில் பொறுமையாகச் சொன்னார்கள்: வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கம்பெனி எல்லாப் பாக்கியையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்களிடம் புகார் எழுதலாம், இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அதிலும் முடியாவிட்டால் கோர்ட். ஒரு லட்சம் திர்ஹத்துக்கு மேல் போகாத தொழிலாளர் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை வக்கீல், கோர்ட் என்றாலே கைக்காசு போய்விடும் என்ற பயம்தான் என்னை வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தது.

செப்டம்பர் 9-ல் இரண்டாவது தாள் வந்தது. 19,447. தேதி சரியாகியிருந்தது. ஆனால் ஒன்பது வருஷத்துக்கும் 21 நாளே போட்டிருந்தார்கள். ஆறாவது வருஷத்திலிருந்து 30 நாள் என்பதை விட்டுவிட்டார்கள். மேடத்தின் மேஜையிலேயே உட்கார்ந்து என் பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டினேன். என் கணக்கில் 24,037 வந்திருந்தது.

மேடம் வரிவரியாகப் பார்த்தார். "30 நாள் சரிதான், நான்தான் விட்டுட்டேன்" என்றார். பிறகு என் தாளில் ஒரு இடத்தில் பேனாவை வைத்து, "2020-ல மூணு மாசம் அன்பெய்ட் லீவ் இருக்கே, அதைக் கழிக்கலையே?" என்றார். கொரோனா சமயம் மே 1 முதல் ஜூலை 31 வரை குடோனை மூடி எங்களைச் சம்பளமில்லாமல் வைத்திருந்தார்கள். 92 நாள். அன்றைக்கு நானும் கையெழுத்துப் போட்ட கடிதம் ஃபைலிலேயே இருக்கிறது. சம்பளமில்லாத லீவ் சர்வீஸில் சேராது என்பதும் அதே 51-வது பிரிவுதான். அவர் சொன்னது நியாயம், ஒத்துக்கொண்டேன்.

சேர்ந்த நாளிலிருந்து செப்டம்பர் 11 வரை 3,472 நாள். 92 போக 3,380. 365-ஆல் வகுத்தால் 9.26 வருஷம். முதல் ஐந்துக்கு 105 நாள், மிச்சம் 4.26 வருஷத்துக்கு 127.81 நாள். ஆக 232.81 நாள், ஒரு நாளைக்கு 100 திர்ஹம் வீதம் 23,281. இருவரும் தனித்தனியாகக் கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தோம், ஒரே தொகை வந்தது.

அதோடு செப்டம்பரின் 11 நாள் சம்பளம் 1,907. எடுக்காத 18 நாள் லீவுக்குப் பேசிக்கை வைத்து 1,800. மொத்தம் 26,988. மூன்றாவது தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், 'பணம் பேங்கில் ஏறியதும் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மேடம் மறுக்காமல் சேர்த்து, முத்திரை குத்தி எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்.

செப்டம்பர் 19 மத்தியானம் பேங்க் மெசேஜ் வந்தது. ரூமில் பாய் போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் பெட்டியைத் திறந்தார். அவரும் ஃப்ரீ சோன்தான், 2011-ல் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தவர். 2023 காண்ட்ராக்ட்தான் மேலாக இருந்தது. பழைய ஆஃபர் லெட்டரைத் தேடி எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரி பதினோரு மணி ஆகிவிட்டது.