சாப்பாட்டுக்கு முன்

“சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டேன். “முந்தித்தான் போடுதேன். ஒரு மணி நேரம் முந்தி. நீங்க சொன்னபடிக்குத்தான்” என்றார் பெரியவர். இரண்டாவது மாதத்துக்கான மாத்திரைப் புட்டியை அவர் கையில் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்தவருடைய சீட்டை எடுத்துவிட்டேன். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து இரண்டு காலிலும் நீர் கோத்து அவர் வந்தபோது இரத்த அழுத்தம் 170/100 ஆகவும் பொட்டாசியம் 2.9 ஆகவும் இருந்தன. பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். மேலும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். கேட்ட கேள்வியிலும் வந்த பதிலிலும் தவறு இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் இது நடந்திருக்கிறது.

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அபிராடெரோன் மாத்திரையைப் பற்றி ஒரு மருந்தாளுநர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 250 மில்லிகிராம் மாத்திரை நான்கையும் நாளுக்கு ஒரே வேளையில், வெறும் வயிற்றில், உடைக்காமல் தண்ணீரில் விழுங்க வேண்டும்; விழுங்குவதற்கு முன்னால் இரண்டு மணி நேரமும், விழுங்கிய பின் ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் வயிற்றில் இந்த மருந்து மிகக் கொஞ்சமாகத்தான் உடம்பில் சேர்கிறது. எண்ணெயும் நெய்யும் நிறைந்த உணவோடு சேர்ந்தால் இரத்தத்தில் ஏறும் அளவு ஏறக்குறைய 10 மடங்காகிறது. கொழுப்புக் குறைந்த உணவோடு என்றாலும் 5 மடங்கு வரை போகிறது. நான்கு மாத்திரை விழுங்கியவர், உள்ளே போனதைக் கணக்கிட்டால், எத்தனையோ மாத்திரை விழுங்கியவராகிவிடுகிறார். இதோடு கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையோ சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். ஒரே பையில் போகும் இரண்டு மருந்துக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான நிபந்தனை.

முதல் நாள் நான் என்ன சொன்னேன் என்பதை எத்தனையோ முறை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். பின்னால் நிற்கும் பெண்களின் காதில் விழாதபடி சன்னலோடு முகத்தை ஒட்டி, “அதைத்தான் ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சே, பிறகு எதுக்கு மாத்திரை?” என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் நிதானமாகவே பதில் சொன்னேன். விரையை அகற்றினால் இந்த நோய் அடங்கும் என்பதை அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும், சில சமயம் கட்டியே கூட, அதே ஆண் ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக்கொண்டிருக்கும். பெரிய மடையை அடைத்த பிறகும் வரப்பு ஓட்டை வழியே வயலுக்குத் தண்ணீர் கசிவதுபோல் என்று சொன்னேன். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்பவர் என்பதால் உடனே தலையாட்டினார். வீட்டில் முழுகாமல் இருக்கும் பெண்கள் யாராவது உண்டா, இருந்தால் வெறும் கையால் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று நான் சொன்னபோது அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நினைவிருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்பதைச் சொன்னேனா என்பது மட்டும் நினைவில் இல்லை. சொல்லியிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. எல்லாரிடமும் சொல்வதுதானே என்பது அதற்கு ஆதாரம். மறுநாள் அந்த ஆதாரமே பலவீனமாகப் படுகிறது. எல்லாரிடமும் சொல்வதைத்தான் ஒருவரிடம் விட்டுவிட்டாலும் சொன்னதாகத் தோன்றும்.

உண்மை வெளிவந்தது அவர் மனைவியின் வாயால். கால் வீங்கி வந்த அன்று, புதிய சீட்டுக்கு நான் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: “விடியமுன்ன வயலுக்குப் போயிட்டு, அவிய பதினோரு மணிக்கு வந்து தோசை சாப்பிடுவாவ. பன்னிரண்டுக்கு மாத்திரை. ஒரு மணிக்குச் சாப்பாடு. மணி தப்பாம நான் எடுத்துக் கொடுத்துருதேன்.” சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் திறந்து காட்டினார். வெற்றிலை இருக்க வேண்டிய தட்டில், அன்றைக்குரிய நான்கு வெள்ளை மாத்திரைகள், சுத்தமான துணியின் மேல் வரிசையாக இருந்தன. தோசைக்கு என்ன தொட்டுக்கொள்வார் என்று கேட்டேன். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி என்றார்.

சாப்பாடு என்றால் சோறு. தோசையும் இட்லியும் பலகாரம். எங்கள் ஊர்ப் பக்கம் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. என் அப்பா உயிரோடு இருந்தவரை காலையில் பலகாரம் சாப்பிட்டார், மதியம்தான் அவருக்குச் சாப்பாடு. நானும் அந்தப் பேச்சில் வளர்ந்தவள்தான். மருந்து உறையின் மேல் “சா. முன்”, “சா. பின்” என்ற முத்திரையைப் பல ஆண்டுகள் குத்திக்குத்தி, அந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன பொருள் என்பதையே மறந்திருக்கிறேன். பெரியவர் நான் சொன்னதை மீறவில்லை. சோற்றுக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால், கடிகாரம் பார்த்து, நான் சொன்னதைச் செய்திருக்கிறார்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் நான் எழுதத் தயங்கினேன். மருத்துவர் அன்று வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுப் பெரியவர் பிரெட்னிசோலோனைப் பாதியாகக் குறைத்திருந்தார். அபிராடெரோன் ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும்போது அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மூளையடிச் சுரப்பி அட்ரீனலை மேலும் மேலும் தூண்டுகிறது. அந்தத் தூண்டலில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்கள் பெருகி, காலில் நீர் கோக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறிய அளவு பிரெட்னிசோலோன் கூடவே இருப்பது இதை அடக்கத்தான். ஆகவே மருத்துவர் சொன்ன காரணம் முழுமையாகப் பொருந்தியது. அபிராடெரோனைத் தற்காலிகமாக நிறுத்தி, பொட்டாசியம் சிரப் கொடுத்து, பிரெட்னிசோலோனைக் குறைக்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது என்று அவர் கண்டித்து அனுப்பியிருந்தார். சன்னலுக்கு வந்தவரிடம் நேரத்தை நான் திருத்திச் சொன்னேன். தோசை விவரத்தை மருத்துவரிடம் போய்ச் சொல்லவில்லை. கோப்பிலும் எழுதவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. காரணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, சிகிச்சையும் தொடங்கிவிட்டது. என் தகவலால் அன்றைக்குக் கொடுத்த மருந்து எதுவும் மாறியிருக்காது. இப்போதும் அது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாதி பிரெட்னிசோலோன் பெரியவரின் தவறு, தோசை என்னுடைய தவறு. இரண்டில் ஒன்று மட்டும் கோப்பில் ஏறியது என்பதும் உண்மை. ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் சொன்னபோது, “அதுவும் சேர்ந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார். அதற்குள் நேரமும் சரியாகி, பிரெட்னிசோலோனும் முழு அளவாகி, பொட்டாசியம் 4.1க்கு வந்திருந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க இனி வழியில்லை.

என் பக்கம் நியாயம் தேடும்போதெல்லாம் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். 72 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வெறும் வயிற்றில் நான்கு மாத்திரையும், மற்றவர்களுக்குக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு ஒரே ஒரு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை அளவு குறைவதில் இரண்டாவது முறை பின்தங்கவில்லை. உணவு மருந்தை ஏற்றிவிடுகிறது என்ற அதே ஆபத்தைச் செலவு குறைக்கும் வழியாக மாற்றிய யோசனை அது. சில மருத்துவர்கள் வசதியில்லாதவர்களுக்கு அப்படி எழுதுகிறார்கள். ஆகவே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவரிடம் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்று போடுங்கள் என்றும், மற்றவரிடம் எதுவும் சாப்பிடாமல் நான்கு போடுங்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். இவ்வளவு குழப்பத்துக்கு இடமுள்ள மருந்தில் ஒரு சொல் தவறியதற்கு என்னை மட்டும் நொந்துகொள்வது நியாயமா என்று கேட்டுக்கொள்வேன். குழப்பத்துக்கு இடமுள்ள மருந்து என்பது எனக்குத்தானே தெரியும், அவருக்குத் தெரியாதே என்ற பதிலும் கூடவே வந்துவிடும்.

இப்போது நான் முந்தியா பிந்தியா என்று கேட்பதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை வாயில் என்னென்ன போகிறது, எத்தனை மணிக்கு என்று சொல்லச் சொல்கிறேன். கருப்பட்டிக் காப்பி, டீக்கடை வடை, கோவில் பிரசாதம் என்று எல்லாம் வெளியே வருகிறது. ஒருவருக்கு நாலைந்து நிமிடம் ஆகிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது என்பதைச் சொல்வதற்குள் சிலருடைய கவனம் போய்விடுகிறது. ஒன்றைச் சரியாகச் சொல்லப்போய் இன்னொன்றை இழக்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பெரியவர் இப்போது விடியற்காலை நாலு மணிக்கு, வயலுக்குப் புறப்படும் முன், மாத்திரை போட்டுவிடுகிறார். போன மாதம் வந்திருந்தபோது கூட்டம் குறைவாக இருந்ததால் கேட்டேவிட்டேன்: “ஐயா, முதல் நாளு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போடணும்னு நான் சொன்னேனா?”

“எல்லாம் சொன்னீயம்மா. எனக்குத்தான் மறந்துபோச்சு” என்றார் அவர், உடனே, யோசிக்காமல். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, மாத்திரைப் புட்டியை மஞ்சப்பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரும் முதல் நாள் அங்கே இருந்தவர்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.