எத்தனையாம் வரியில் பிழை? நெல்லுக் கணக்கு ஸ்கிரிப்டைத் திருத்திய விதம்

காலபோக நெல்லுக் கொள்வனவுப் பட்டியலை வாசித்து, எடையைக் கூட்டி, ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்பட்ட மூட்டைகளைத் தனியே பிரிக்கும் பைத்தன் ஸ்கிரிப்ட் இது. கிளிநொச்சி, முரசுமோட்டை, ஒட்டுசுட்டான் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் சிஎஸ்வி கோப்புகள் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைப்பவை) வரும். முதலில் ஒவ்வொரு வரியையும் ‘டிரை’க்குள் வைத்து, கீழே வெறும் ‘எக்ஸெப்ட்’, அதற்குள் ‘பாஸ்’ என்று எழுதியிருந்தோம்; அதாவது, பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போ என்று. ஸ்கிரிப்ட் ஒருநாளும் நிற்கவில்லை; கூட்டுத்தொகைதான் குறைந்தது. 14.5 என்பதை 14,5 என்று தட்டிய வரிகள் எல்லாம் சத்தமில்லாமல் விடுபட்டிருந்தன. வெயிலில் காயவைத்து ஏற்றிவந்த ஒருவரின் நெல்லு கணக்கில் வராமல் போவது சின்ன விசயமில்லை.

வெறும் ‘எக்ஸெப்ட்’ எல்லாவற்றையும் விழுங்கும். ஓட்டத்தை நிறுத்தக் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காது. அதைத் தவறான பெறுமதிக்கு எழும் ‘வேல்யூஎரர்’ பிழைக்கு மட்டும் என்று குறுக்கினோம். ஆனால் எழுத்தை எண்ணாக்கும் ‘ஃப்ளோட்’ தரும் செய்தியில் தவறான பெறுமதி மட்டுமே இருக்கும். எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி என்பது இராது. ஆகவே கோப்பின் பெயர், வரி எண், நிரல் (நெடுவரிசை), பெறுமதி நான்கையும் சேர்த்துப் புதிய ‘வேல்யூஎரர்’ ஒன்றை ‘ரெய்ஸ்’ மூலம் எழுப்பி, இறுதியில் ‘ஃப்ரம்’ போட்டு மூலப் பிழையையும் இணைத்தோம். வரி எண்ணைச் சிஎஸ்வி வாசிப்பானின் ‘லைன்_நம்’ தரும். முகவரிக் கட்டத்துக்குள் என்டர் தட்டியிருந்தால், அது அந்தப் பதிவு முடியும் வரியையே காட்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

முதல் பிழையிலேயே நின்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. அதனால் பிழைகளை ஒரு பட்டியலில் சேர்த்து, கடைசியில் மொத்தமாக அச்சிட்டோம். பட்டியலில் ஒன்று இருந்தாலும் கூட்டுத்தொகையை எழுதவிடவில்லை. பல பிழைகளை ஒன்றாக எழுப்பப் பைத்தன் 3.11 பதிப்பிலிருந்து ‘எக்ஸெப்ஷன்குரூப்’ இருக்கிறது. ஆனால் கோப்பைத் திருத்துகிறவருக்கு வேண்டியது பிழை எழுந்த வழியைக் காட்டும் டிரேஸ்பேக் அல்ல, வரி எண்.

மிகப் பொல்லாதது ‘நான்’ என்ற எண்ணில்லாப் பெறுமதி. ‘ஃப்ளோட்’ அதைப் பிழை சொல்லாமல் ஏற்கும். அது 14ஐ விடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும்; மூட்டை உலர்ந்ததாகத் தேறிவிடும். ‘மேத்’ தொகுதியின் ‘இஸ்நான்’ கொண்டு முன்னரே மறித்து, நாமே பிழை எழுப்பவேண்டும். இதற்கு நிபந்தனையைச் சோதிக்கும் ‘அசர்ட்’ ஆகாது. பைத்தனுக்கு ‘-ஓ’ (பெரிய எழுத்து) கொடுத்து ஓட்டினால் அது காணாமல் போகும்.

எக்செல் சிலவேளை கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறியாக்கக் குறியை வைக்கும். அப்போது முதல் நிரலின் பெயரில், அப்படியொரு பெயர் இல்லை என்னும் ‘கீஎரர்’ வரும். ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தில் திறந்தால் சரி.

விண்டோஸில் தமிழ்ப் பிழைச் செய்தி திரையில் ஒழுங்காகத் தெரியும். கோப்புக்குத் திருப்பினால் எழுத்துக்குப் பதில் குறியீட்டெண்களே விழும். சூழல் மாறி ‘பைத்தன்யூடிஎஃப்8’ஐ 1 ஆக்கியதும் தமிழாகவே வந்தது.

பிழை இருந்தால் ‘சிஸ்.எக்ஸிட்’டுக்கு முடிவு எண்ணாக 1 கொடுக்கிறோம்; ஸ்கிரிப்டை நேரத்துக்கு ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் அதைப் பிடித்துக் காட்டும். ஆனால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் கோப்பில் பைத்தனுக்குப் பிறகு ஒரு ‘காப்பி’ கட்டளை இருந்து அது சரியாக முடிந்தால், 0தான் பதிவாகும். பைத்தன் வரிக்கு அடுத்த வரியிலேயே அந்த முடிவு எண்ணை வைத்திருக்கும் ‘எரர்லெவல்’லைப் பார்த்து வெளியேறவேண்டும்.