கீழே கிடந்த இறகு மாடப்புறாவின் வால்தானா?

சாம்பல் நிறம், நுனிப் பக்கம் கறுப்புப் பட்டை. இப்படி ஒரு இறகு கிடைத்தால் புறா என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். எனக்கு அது போதவில்லை. எந்தப் புறா, அதன் உடம்பில் எந்த இடத்து இறகு என்பது வரை போக முடியுமா என்று பார்க்க ஆசை, அதனால் எடுத்துவந்து ஸ்கேலும் லென்சும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வடிவத்தில்தான் ஆரம்பித்தேன். சிறகின் பெரிய இறகு என்றால் தண்டு வளைந்திருக்கும், ஒரு பக்க இழை (தண்டின் பக்கவாட்டில் விரிகிற தட்டையான பாகம்) ரொம்பக் குறுகலாக, நுனியும் ஒடுங்கி இருக்கும். இதில் தண்டு கிட்டத்தட்ட நேர், நுனி அகலமாக வட்டமாக முடிகிறது, ஆக வால். நீளம் சுமார் 12 செ.மீ., மாடப்புறா வாலுக்குப் பொருந்துகிற அளவு. கறுப்புத் துணியில் லேசாகத் தேய்த்ததும் வெள்ளைப் பொடி ஒட்டியது. புறாக்களின் இறகில் இந்தப் பொடி நிறையவே இருக்கும், மோதிவிட்டுப் போன ஜன்னல் கண்ணாடியில் சில நேரம் புறாவின் உருவமே பதிந்திருப்பது இதனால்தான்.

அடுத்து மற்ற பறவைகளைக் கழிக்க வேண்டும். வைரி மாதிரியான வேட்டைப் பறவை என்றால் வாலில் குறுக்குப் பட்டைகள் பல இருக்கும், இதில் ஒன்றே ஒன்று. புள்ளிப்புறா, கள்ளிப்புறா, தவிட்டுப்புறா மூன்றுக்கும் ஓர வால் இறகுகளில் அடிப்பக்கம் கருமை, நுனிப்பக்கம் வெள்ளை. மாடப்புறாவுக்கு அப்படியே தலைகீழ்: அடியில் வெளிர் சாம்பல், நுனிக்கு அருகில் கறுப்பு. வேறெதையும் ஞாபகம் வைக்க முடியாவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஐரோப்பியக் காட்டுப்புறா ஒன்றுக்கும் நுனி கறுப்புதான், ஆனால் அதற்கு முன்னால் வெளிறிய பட்டை ஒன்று தெரியும், இறகும் இதைவிட நீளம்.

சரி, வாலில் எந்த இறகு? மாடப்புறாவுக்கு வால் இறகுகள் 12, பக்கத்துக்கு ஆறு. நடு ஜோடியில் தண்டின் இரு பக்க இழையும் ஏறக்குறைய ஒரே அகலம், ஓரத்துக்குப் போகப் போக வெளிப்பக்க இழை குறுகும். என் இறகில் ஒரு பக்கம் நன்றாகவே குறுகல், அதோடு அந்தக் குறுகிய பக்கத்தில் அடியிலிருந்து கறுப்புப் பட்டை வரை வெள்ளை ஓரம். இதைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம், ஏனென்றால் இந்த வெள்ளை ஓரம் வருவது வெளிக்கோடி இறகில். 1859-லேயே டார்வின் இதைக் குறித்திருக்கிறார்: இந்த அடையாளம் இல்லாத வளர்ப்பு வகைகளை ஒன்றோடொன்று கலந்தபோது குஞ்சுகளில் வால் பட்டையும் வெள்ளை ஓரமும் திரும்ப வந்தன, எல்லா வளர்ப்புப் புறாக்களுக்கும் மாடப்புறாதான் மூதாதை என்ற அவருடைய வாதத்துக்கு அது ஒரு சான்று.

இடமா வலமா என்பது சுலபம். தண்டின் நீளவாக்கில் பள்ளம் ஓடுகிற பக்கம் இறகின் கீழ்ப்பக்கம், அது தரையைப் பார்க்க, நுனி நம்மை நோக்கி இருக்கும்படி வைத்தால் குறுகிய இழை எந்தப் பக்கமோ வாலிலும் அந்தப் பக்கம். எனக்கு இடப்பக்கம் வந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நகரத்துப் புறாக்களில் நிற வேறுபாடு அதிகம். செம்பழுப்பு வகைக்கு வாலில் இந்தக் கறுப்புப் பட்டையே இருக்காது, முழுக் கறுப்பு வகையில் பட்டை நிறத்தோடு நிறமாகக் கரைந்துவிடும், அப்போது வடிவத்தையும் அளவையும் பொடியையும்தான் நம்ப வேண்டும். பாறையிடுக்கில் பரம்பரையாக வாழ்கிற அசல் காட்டு மாடப்புறாவா, வளர்ப்பிலிருந்து தப்பிய வம்சமா என்பதையும் ஒரு இறகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது குறுக்கே மங்கலான வரிகள் தெரிந்தன. வெளிறியதும் அடர்ந்ததுமான ஒரு ஜோடி வரி ஏறக்குறைய ஒரு நாள் வளர்ச்சி. இதில் ஒரு ஜோடிக்கு 4 முதல் 5 மி.மீ. வருகிறது, அந்தக் கணக்கில் முழு இறகும் வளர சுமார் நான்கு வாரம் பிடித்திருக்கும். நடு ஜோடி இறகு ஒன்று கிடைத்தால் அதிலும் அளந்து, வேகம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.